முள்ளு 115ஐ தொடும்போது

போன சனிக்கிழமை ராத்திரி டி.சி.எஸ்.ங்கிற விமான சிமுலேட்டர் கேம்ல நார்மண்டி மேப், நாங்க ஆறு பேர், எல்லாரும் ரெண்டாம் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 9. ரன்வே ஓரத்துல வரிசையா நிக்கிறோம். முன்னாடி நின்ன தம்பிக்கு ரட்டர் பெடல் ஏதோ மக்கர் பண்ணுது, "அண்ணே ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்"னு ஹெட்செட்ல சொல்லிட்டே இருக்கான், அவன் பின்னாடி நாங்க அஞ்சு மெர்லின் இன்ஜினும் சும்மா ஓடிட்டு நிக்குது. நான் வெளிய பாக்கவே இல்ல. வலது பக்கம் இருக்கிற, ரேடியேட்டர் சூட்டை காட்டுற கேஜ் மேலயே கண்ணு. 90, 100, 105, 110. 115 வந்ததும் ரெண்டு றெக்கைக்கு அடியிலயும் ரேடியேட்டர் காத்து வெளிய போற கதவு, அதான் ஃப்ளாப், தானா திறந்துடுச்சு, மார்க் 9ல அது ஆட்டோமேட்டிக், 115ல திறக்கிற மாதிரிதான் செட் பண்ணிருப்பாங்க. ஆனா திறந்தும் முள்ளு நிக்கல. கதவு திறந்தா மட்டும் போதுமா, உள்ள வர்றதுக்கு காத்து வேணாமா?

நான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டேன். "நீங்க போங்கண்ணே, நான் ஆறினதும் வரேன்"னு சொன்னேன். மத்தவங்க பொறுத்துப் பாத்தாங்க, வழி கிடைச்சதும் த்ராட்டிலை தள்ளி ஓடினாங்க, அதுல ஒருத்தருக்கு சக்கரம் தரையை விட்ட கொஞ்ச நேரத்துலயே மூக்குலேர்ந்து வெள்ளையா ஆவி கிளம்பி கண்ணாடியெல்லாம் மறைச்சு, நேரா முன்னாடி இருந்த வயல்ல இறக்கிட்டார். ஒரு குண்டு சுடல, ஒரு எதிரியை பாக்கல. அவருக்கு கோவம். எனக்கு என்னமோ சந்தோஷமாத்தான் இருந்துச்சு, அவர் விழுந்ததுக்கு இல்ல, ஒரு கேம் இவ்ளோ உண்மையா நடந்துக்குதேன்னு.

ஏன்னா நிஜ ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான். தரையில ரொம்ப நேரம் நிக்க முடியாத விமானம் அது. ரேடியேட்டர் றெக்கைக்கு அடியில, ப்ராப்பெல்லர் பின்னாடி தள்ற காத்து சரியா போய் சேராத இடத்துல இருக்கு. போதாக்குறைக்கு சக்கரக் கால் இறங்கி நிக்கும்போது அது வேற ரேடியேட்டருக்கு வர்ற காத்துல குறுக்க நிக்குது. மார்க் 1, மார்க் 5ல எல்லாம் இன்னும் மோசம், கூலன்ட்டுக்கான (இன்ஜினை ஆற வைக்கிற திரவம்) ரேடியேட்டர் வலது றெக்கைக்கு அடியில ஒண்ணே ஒண்ணு, இடது பக்கம் இருந்தது சின்ன ஆயில் கூலர். மார்க் 9 வந்தப்போதான் ரெண்டு பக்கமும் ரேடியேட்டர், இடது டப்பாவுக்குள்ள கூடவே ஆயில் கூலர், வலது டப்பாவுக்குள்ள கூடவே இன்டர்கூலருக்கான (இன்ஜினுக்குள்ள போற அழுத்தின காத்தை ஆற வைக்கிறது) ரேடியேட்டர். ஏன் ரெண்டு பக்கமும் ஒரே சைஸ்ல பெட்டி தொங்குதுன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். அந்த காலத்து பைலட்டுங்க மூக்கை காத்து வர்ற திசைக்கு திருப்பி நிறுத்துவாங்க, சீக்கிரமா டாக்ஸி பண்ணி, அதாவது ரன்வே வரைக்கும் தரையில ஓட்டி, சீக்கிரமா ஏறிடுவாங்க. சிம்லயும் நான் இப்போ அதைத்தான் பண்றேன், முன்னாடி ஆள் இருந்தா இன்ஜினை ஸ்டார்ட் பண்றதே இல்ல.

சரி, 100 டிகிரிக்கு மேல போனா தண்ணி கொதிக்கணுமே, 115 எப்படி, சண்டை நேரத்துல 135 வரைக்கும் போகலாம்னு பைலட்ஸ் நோட்ஸ்ங்கிற விமானி கையேட்டுல எப்படி போட்டிருக்காங்கன்னு நிறைய பேர் கேப்பாங்க. சின்ன வயசுல மாமாவோட லாரியில போனவன் நான், அவர் கத்துக் குடுத்த முதல் பாடம், சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை தொடக்கூடாது. ஒரு தடவை க்ளீனர் அண்ணன் ஈர சாக்கை போட்டு மூடியை கால்வாசி திருப்பினார், அவ்ளோதான், உள்ள அமைதியா இருந்த தண்ணி ஆள் உயரத்துக்கு ஆவியா பீச்சி அடிச்சுது. மூடி இருக்கிற வரைக்கும் உள்ள பிரஷர், பிரஷர் இருக்கிற வரைக்கும் கொதிக்காது. மெர்லின்லயும் அதே கதைதான், மேல போகப் போக வெளி பிரஷர் குறையுது, 20,000 அடியில சாதா தண்ணி 80 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், அதனால சிஸ்டத்தை அடைச்சு பிரஷர் ஏத்தி வச்சாங்க. ஆரம்ப மெர்லின்ல தண்ணிக்கு பதிலா சுத்தமான கிளைக்கால்ங்கிற ரசாயன திரவத்தை ஊத்தினாங்க, அதோட கொதிநிலை 200 டிகிரிக்கு கிட்ட. ஆனா கிளைக்காலுக்கு தண்ணி அளவுக்கு சூட்டை வாங்கி சுமக்கத் தெரியாது, தீயும் பிடிக்கும். அப்புறம் வந்த மெர்லின்ல 30 பங்கு கிளைக்கால் 70 பங்கு தண்ணின்னு மாத்தி பிரஷரை வச்சு சமாளிச்சாங்க.

இதுக்கு முன்னாடி ஸ்பிட்ஃபயரை செஞ்ச கம்பெனி சூப்பர்மரின் ஒரு பெரிய அடி வாங்கினதை சொல்லணும். 1934ல டைப் 224னு ஒரு விமானம், ஸ்பிட்ஃபயரை டிசைன் பண்ண அதே மிச்செல்தான், இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸ் காஸ்ஹாக். அதுல தண்ணியை கொதிக்க விட்டு, அந்த ஆவியை றெக்கையோட முன் விளிம்புக்குள்ள விட்டு அங்க குளிர வச்சு திரும்ப தண்ணியாக்கி இன்ஜினுக்கு அனுப்பணும். தனியா ரேடியேட்டர் வேணாம், காத்து தடையும் இல்ல, பேப்பர்ல பாத்தா அவ்ளோ அழகு. நிஜத்துல கொதிநிலைக்கு ஒட்டியே இருக்கிற தண்ணியை பம்ப் இழுக்கும்போது அது பம்புக்குள்ளயே ஆவியாயிடும், ஆவியை பம்ப் தள்ளாது. மேல ஏற ஏற இன்னும் மோசம். அந்த விமானம் தேறல. ஆனா அந்த முன் விளிம்பு யோசனையோட மிச்சம் ஸ்பிட்ஃபயர் றெக்கைக்குள்ள வேற ரூபத்துல உயிரோட இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

1935ல ஃபார்ன்பரோ பிரிட்டிஷ் விமான ஆராய்ச்சி நிலையத்துல மெரடித்னு ஒருத்தர் எழுதின விஷயம்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. ரேடியேட்டரை வெறும் தடையா பாக்காதீங்க, அதை ஒரு குழாய்க்குள்ள வைங்கன்னு சொன்னார். வாய் சின்னது, உள்ள போகப் போக அகலமாகுது, காத்து வேகம் குறைஞ்சு பிரஷர் ஏறுது, மெதுவா ரேடியேட்டரை தாண்டும்போது சூட்டை வாங்குது, அப்புறம் பின்னாடி குறுகலான வாய் வழியா விரிஞ்சு வேகமா வெளிய போகுது. அப்படி போகும்போது கொஞ்சம் தள்ளிவிட்டும் போகுது. தடையில ஒரு நல்ல பங்கு திரும்பக் கிடைச்சுடுது. அமெரிக்க சண்டை விமானம் மஸ்டாங்கோட வயித்துல தொங்குற அந்த பெரிய டப்பா இதைத்தான் ரொம்ப நல்லா பண்ணுச்சு. அந்த டப்பாவோட மேல் உதடு உடம்போட ஒட்டாம ஒரு சின்ன இடைவெளி விட்டு நிக்கும் பாருங்க, உடம்பை ஒட்டி வர்ற மந்தமான காத்து உள்ள போகக் கூடாதுன்னுதான் அந்த இடைவெளி.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, பின்னாடி இருக்கிற அந்த கதவு எவ்ளோ திறந்திருக்குங்கிறதுதான் இந்த மொத்த வித்தையோட சாவி. மூடினா வேகம், ஆனா சூடு. திறந்தா குளிர்ச்சி, ஆனா தடை. ஒரு சிம்முலேட்டர் இதை ஒழுங்கா கணக்கு போட்டா, ரேடியேட்டர் லிவர் துப்பாக்கி பட்டனுக்கு சமமான ஆயுதம் ஆயிடும். நான் மனசார நம்புறேன் இதை.

ஒரு நாள் உக்காந்து பேப்பர்ல போட்டுப் பாத்தேன். கூலன்ட் 110 டிகிரின்னு வச்சுக்கோங்க. கடல் மட்டத்துல வெளிய 15, வித்தியாசம் 95. 20,000 அடியில ஸ்டாண்டர்ட் கணக்குப்படி வெளிய மைனஸ் 25 கிட்ட, வித்தியாசம் 135. அதாவது 1.4 மடங்கு. ஆஹா மேல போனா ஜில்லுன்னு ஆயிடும்னு தோணும், ஆனா அங்க காத்தோட அடர்த்தி கீழ இருக்கிறதுல 53 சதவீதம்தான். இன்னொரு பக்கம், கேஜ்ல அதே வேகம் காட்டினாலும் நிஜ வேகம் அங்க 1.37 மடங்கு. 0.53ஐ 1.37ஆல பெருக்குங்க, 0.73. அதை 1.4ஆல பெருக்குங்க, 1. சுத்தி சுத்தி வந்த இடத்துக்கே வந்துடுச்சு! தோராயக் கணக்குதான், ரேடியேட்டர் இவ்ளோ நேர்கோட்டுல நடந்துக்காது, ஆனாலும் அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. ரெண்டு ஸ்டேஜ் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புறது) வச்ச மெர்லின் மேலயும் கிட்டத்தட்ட கீழ குடுக்குற பவரை குடுக்கும், அப்போ சூடும் அதே சூடு, குளிர்ச்சியும் அதே குளிர்ச்சி. மைனஸ் 25ல பறந்தாலும் முழு பவர்ல மெதுவா ஏறினா முள்ளு ஏறத்தான் செய்யும். இதை நான் சிம்ல பாத்துட்டு பக்னு குழம்பியிருக்கேன், கணக்கு போட்டப்புறம்தான் சிம் சரி, என் நினைப்புதான் தப்புன்னு தெரிஞ்சுது.

அதனால ஏற்றம்தான் சூட்டுக்கு முக்கியமான இடம். பவர் முழுசு, வேகம் கம்மி, காத்து கம்மி. ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐ துரத்திட்டு சுழல் ஏற்றத்துல மேல போறோம்னு வைங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டே வட்டம் அடிக்கிறோம், யார் மூக்கு முதல்ல தொங்குதோ அவன் காலி. அந்த இடத்துல யாரோட ரேடியேட்டர் முதல்ல திறக்குதுங்கிறதுதான் பாதி முடிவு. 109ல எஃப் மாடல்லேர்ந்து ரேடியேட்டர் ஃப்ளாப்பை தெர்மோஸ்டாட்டே பாத்துக்கும், பைலட் சண்டையை மட்டும் பாத்தா போதும். எதிர்ல சோவியத் விமானம் யாக்-1 ஓட்டுறவனை பாருங்க, தாடைக்கு கீழ ஆயில் ரேடியேட்டர், வயித்துக்கு கீழ தண்ணி ரேடியேட்டர், ரெண்டுக்கும் தனித்தனி ஷட்டர், ரெண்டையும் கையாலதான் திருப்பணும், கூடவே மிக்ஸ்சர், ப்ராப்பெல்லர் பிட்ச், சூப்பர்சார்ஜர் கியர். ஐ.எல்-2ங்கிற இன்னொரு சிம்ல ஸ்டாலின்கிராட் மேப்ல யாக் ஓட்டி பழகினவங்களுக்கு தெரியும், டைவ் அடிக்கும்போது ஷட்டரை மூட மறந்தா வேகம் கிடைக்காது, ஏறும்போது திறக்க மறந்தா கொதிச்சிடும், ஒரு சண்டைக்குள்ள பத்து தடவை கை அங்கயும் இங்கயும் ஓடும். பனிக்காலத்துல கதையே வேற, தரையில நின்னு ஆயில் சூடாக காத்திருக்கணும், அங்க ஸ்பிட்ஃபயர்ல பட்ட அவசரத்துக்கு நேர் எதிர்.

ஏர் கூல்டு, அதாவது காத்துலயே நேரா ஆறுற இன்ஜின் வச்ச ஆளுங்க இந்த தொல்லையில பாதி தப்பிச்சாங்க. ஜெர்மன் விமானம் ஃபோக்கவுல்ஃப் 190ல பி.எம்.டபிள்யூ 801 இன்ஜினுக்கு முன்னாடி 12 இலை ஃபேன் ஒண்ணு, ப்ராப்பெல்லரை விட மூணு மடங்கு வேகமா சுத்தும், இருந்தும் ஆரம்பத்துல பின் வரிசை சிலிண்டர் எல்லாம் வெந்துதான் போச்சு.

இப்போ என் மனசுல ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கத்துக்கு வரேன். நான் வருஷக்கணக்கா ஓட்டின ஒரு சிம்ல, பேர் வேணாம், இன்ஜின் லிமிட்டை கடிகாரம் வச்சு பண்ணியிருந்தாங்க. புக்ல 5 நிமிஷம்னு போட்டிருந்தா 5 நிமிஷம், அதுக்கு மேல சில நொடி, டப்புனு இன்ஜின் காலி. கூலன்ட் 95ல ஜில்லுன்னு இருக்கும், ஆயில் நல்லா இருக்கும், வெளிய பனி கொட்டும், ரேடியேட்டர் முழுசா திறந்திருக்கும், எதுவும் கணக்கில்ல. அதுவே த்ராட்டிலை ஒரு இன்ச் பின்னாடி இழுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டா கடிகாரம் திரும்ப நிரம்பிடும். இப்படி ஒரு உலோகம் எங்கயாவது இருக்கா? பிஸ்டனுக்கு நிமிஷம் எண்ணத் தெரியுமா?

அந்த 5 நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும். மார்க் 9 நோட்ஸ்ல சண்டைக்கு 3000 ஆர்.பி.எம்., 5 நிமிஷம், கூலன்ட் 135. ஒரு மணி நேரம் ஏறுறதுக்கு 2850, 125. எவ்ளோ நேரம் வேணும்னாலும் ஓட்டுறதுக்கு 2650, 105. இது அந்த இன்ஜினை இத்தனை மணி நேரம் நம்பி ஓட்டணும், ஓவர்ஹாலுக்கு நடுவுல உடையக்கூடாதுன்னு போட்ட வரம்பு. ஆறாவது நிமிஷம் கனெக்டிங் ராடு வெளிய வரும்னு யாரும் எழுதல. மஸ்டாங்ல த்ராட்டில் பாதையில மெல்லிசா ஒரு கம்பி கட்டியிருப்பாங்க, எமர்ஜென்சி பவர் வேணும்னா அதை அறுத்துட்டு தள்ளணும். இறங்கினப்புறம் கம்பி அறுந்திருக்கிறதை பாத்து மெக்கானிக் புரிஞ்சுப்பார், இந்த இன்ஜின் கஷ்டப்பட்டிருக்கு, திறந்து பாக்கணும்னு. விலையை அந்த பைலட் அன்னிக்கு கட்டல, இன்ஜினோட ஆயுசு கட்டுச்சு.

இன்ஜின் சண்டையில சாகுறதுக்கு நிஜமான காரணம் இருக்கு. பூஸ்ட், அதாவது உள்ள தள்ற காத்தோட அழுத்தம் அதிகம், உள்ள வர்ற கலவை சூடு, அதுக்கு தாங்குற பெட்ரோல் இல்லன்னா டெட்டனேஷன், அதாவது கலவை சீரா எரியாம வெடிக்கிறது, பிஸ்டன் தலை உருகும். கூலன்ட் கொதிச்சு சிலிண்டர் தலையை சுத்தி ஆவிக் குமிழ் உக்காந்தா அந்த இடம் மட்டும் பழுக்கும். ஆயில் சூடாகி நீர்த்துப்போனா பிரஷர் விழும், பேரிங் பிடிச்சுக்கும். இதுல ஒவ்வொண்ணுக்கும் முன்னறிவிப்பு உண்டு, கேஜ்ல தெரியும், சத்தத்துல தெரியும், அதிர்வுல தெரியும். சூட்டை கணக்கு போடுற சிம்ல நான் கேஜை பாத்து பேரம் பேசுறேன், இன்னும் முப்பது செகண்ட் குடு, அப்புறம் மூக்கை தாழ்த்தி காத்து குடுக்குறேன்னு. கடிகாரம் வச்ச சிம்ல நான் ஸ்டாப்வாட்சை பாத்துட்டு உக்காந்திருக்கேன், விமானத்தை பாக்கல. எனக்கு இது சின்ன விஷயமே இல்ல.

சரி, எளிமைக்காக பண்ணியிருக்கலாம், எல்லாரும் முழு பவர்லயே ஒரு மணி நேரம் பறந்தா சண்டை கெட்டுடும்னு ஒரு நியாயம் சொல்வாங்க. அந்த கவலை எனக்கும் புரியுது. ஆனா அதுக்கு வழி தேய்மானத்தை சேத்து வைக்கிறது. அதே விமானத்தை அடுத்த மிஷனுக்கும் எடுக்கணும், போன தடவை நீ பண்ணின கொடுமை இந்த தடவை ஆயில் பிரஷர்ல தெரியணும். கேம்பெய்ன்ல இதை செஞ்சா ஒவ்வொருத்தனும் தன் இன்ஜினை குழந்தை மாதிரி பாத்துப்பான்.

அடுத்தது குண்டு பட்டா என்ன ஆகுதுங்கிறது. மஸ்டாங்ல தரையில இருக்கிற ரயிலையும் ஏர்ஃபீல்டையும் சுட இறங்கினவங்க நிறைய பேர் இதுலதான் போனாங்க, ரேடியேட்டர் வயித்துல, அங்கேர்ந்து மூக்கு வரைக்கும் குழாய் ஓடுது, ஒரே ஒரு ரைஃபிள் தோட்டா போதும். வெள்ளை கோடு மாதிரி ஆவி பின்னாடி நீளும். அப்புறம் சில நிமிஷம்தான்.

இந்த இடத்துல ஒரு நுணுக்கம். கூலன்ட் முழுக்க வடிஞ்சு போனா கேஜ் முள்ளு மேல போகும்னு எல்லாரும் நினைப்போம். மாமாவோட லாரியில அடி ஹோஸ் கிழிஞ்ச அன்னிக்கு முள்ளு முதல்ல ஏறி, அப்புறம் கீழ இறங்குச்சு. க்ளீனர் அண்ணன் "ஆறிடுச்சு போல"ன்னார். மாமா பதிலே சொல்லாம டக்குனு ஓரங்கட்டி சாவியை திருப்பிட்டார். சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் தண்ணி சூட்டை சொல்லும், தண்ணியே இல்லன்னா வெறும் காத்தை அளந்துட்டு பொய் சொல்லும். விமானத்துலயும் சூட்டை அளக்குற பல்பு கூலன்ட்ல முங்கி இருந்தாத்தான் பேசும். ஒரு சிம் இதை பண்ணிட்டா, முள்ளு திடீர்னு சாந்தமா கீழ இறங்கும்போது பைலட்டுக்கு வயித்தை கலக்கணும், அப்பா ஆறிடுச்சுன்னு மூச்சு விட்டவன் ரெண்டு நிமிஷத்துல இங்கிலீஷ் சேனல் கடல்ல விழணும். எந்த சிம் இதை முதல்ல செய்யுதோ அதை நான் முதல் நாளே வாங்குவேன்.

போன மாசம் நான் ஒரு லிவர் செஞ்சேன். பழைய சைக்கிள் கியர் லிவர் ஒண்ணு, க்ளிக் க்ளிக்னு பல்லு பல்லா நகரும் பாருங்க, அந்த மாதிரி. அதுக்கு பின்னாடி ஒரு 10கே பொட்டென்ஷியோமீட்டரை எம்சீல் வச்சு ஒட்டி, ஆர்டுயினோங்கிற சின்ன எலக்ட்ரானிக் போர்டுல சொருகி, சேரோட இடது பக்கத்துல மரக்கட்டையில திருகு போட்டு மாட்டியிருக்கேன். ஸ்பிட்ஃபயர் மார்க் 1ல ரேடியேட்டர் லிவர் அங்கதான், இடது பக்கம், அதுவும் ரேட்செட் பல்லு வச்சதுதான். கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்ங்கிற சிம்ல அதை போட்டு ஓட்டினேன். கண்ணு வெளிய, வலது கை ஸ்டிக்ல, இடது கை பாக்காமலே கீழ போய் க்ளிக் எண்ணுது. ஏறும்போது நாலு க்ளிக் திறந்தேன், 18,000 அடியில நேர் பண்ணிட்டு ரெண்டு மூடினேன், கீழ ஜெர்மன் டார்னியர் குண்டுவீச்சு விமானக் கூட்டம் தெரிஞ்சதும் முழுசா மூடிட்டு மூக்கை தாழ்த்தினேன், டைவ்ல வேகம் கூடக் கூட முள்ளு மெதுவா பின்னாடி போறதை ஓரக்கண்ணால பாத்தேன். திரும்ப மேல இழுக்கும்போது நான் யோசிக்கவே இல்ல, கை தானா மூணு க்ளிக் திறந்துடுச்சு.